மலை வீட்டில் பாதரசம் கொட்டினால்

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறிவிட்டதா? முதலில் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம். ஃபேன், ரூம் ஹீட்டர், கணப்பு என்று எது ஓடினாலும் அணையுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், நாய், பூனை எல்லாரையும் அந்த அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். அனுப்பும்போது யாரும் பாதரசத்தை மிதித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்க ஜன்னலை அகலத் திறந்து வையுங்கள். இவ்வளவும் செய்தாயிற்று என்றால் அவசரம் தீர்ந்தது. மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் யார் வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தாலும் எனக்குத்தான் ஃபோன் வரும். "அக்கா, ஒண்ணும் பயமில்ல, நல்லா கூட்டி அள்ளிட்டேன்" என்றுதான் பெரும்பாலும் பேச்சே ஆரம்பிக்கும். அந்தக் 'கூட்டி அள்ளிட்டேன்'தான் எனக்குப் பயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பொதுவாகக் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் சமவெளி வீட்டை நினைத்து எழுதியவை. டைல்ஸ் தரை, நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஜன்னல், வெயில். நம் மலையில் நிலைமை வேறு. பழைய வீடுகளில் பலகைத் தரை, பலகைக்குப் பலகை இடைவெளி, மேலே கம்பளி விரிப்பு, மூடுபனிக்குப் பயந்து சாத்திய ஜன்னல், மூலையில் ஹீட்டர். பாதரசத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால் நம் வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

அது என்ன மாதிரிப் பொருள்

சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே தனி உலோகம் பாதரசம். மைனஸ் 39 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தால்தான் உறையும். 357 டிகிரியில் கொதிக்கும். நீரைப்போல 13.6 மடங்கு கனம், அதாவது ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பினால் பதின்மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அடி விட்டுப்போகும். ஆய்வகத்தில் பாதரச பாட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு தட்டு வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கனத்தை வைத்துத்தான் காற்றழுத்தத்தை அளக்கிறார்கள். கடல் மட்டத்தில் கண்ணாடிக் குழாயில் பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அது 59 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கும். புத்தகம் தப்பா, குழாய் தப்பா என்று பிள்ளைகள் குழம்புவார்கள். ரெண்டும் தப்பில்லை, மலைதான் காரணம் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நீர் கண்ணாடியில் ஒட்டும், பாதரசம் ஒட்டாது. அதன் பரப்பு இழுவிசை நீரைவிட ஆறு மடங்குக்கும் மேல். அதனால் கீழே விழுந்ததும் பரவாமல் உருண்டைகளாகத் தெறித்து, நான்கு பக்கமும் ஓடி, சுவரோரம், கட்டில் கால், பலகை இடுக்கு என்று கிடைத்த இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும். விழுந்த இடத்திலிருந்து எட்டடி தள்ளியும் உருண்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற உருண்டையை விட அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் ஆபத்து. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, தும்மல் வராது. குளோரின் கசிந்தாலோ அம்மோனியா கசிந்தாலோ மூக்கு நம்மை வெளியே ஓட வைக்கும். பாதரசம் விஷயத்தில் மூக்கை நம்பிப் பயனில்லை. உள்ளே இழுத்த ஆவியில் 80 சதவீதம் அளவுக்கு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். அதே பாதரசத்தைத் திரவமாக விழுங்கினால் குடல் ஏற்றுக்கொள்வது மிக மிகக் குறைவு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துவிட்டால் வீடே அலறும். அங்கே பாதரசத்தைவிட வாயில் குத்திய கண்ணாடிச் சில்லுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். அதே பாதரசம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால், கண்ணில் படவில்லை என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

இப்போது குளிர் விஷயம். மூடிய இடத்தில், காற்று ஏற்கக்கூடிய மட்டும் ஆவி நிறைந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 10 டிகிரியில் ஐந்தாறு மில்லிகிராம் பாதரசம் இருக்கும். 20 டிகிரியில் 13, 14 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏறக்குறைய 30. அதாவது ஜனவரி ராத்திரியில் அடங்கிக் கிடக்கும் பாதரசம், ஹீட்டர் போட்டதும் ஐந்து மடங்கு வரை வேகம் எடுக்கும். குளிர்கிறது என்று ஜன்னலை மூடி ஹீட்டரைப் போடுவது நமக்கு அனிச்சையாக வரும் பழக்கம். பாதரசம் கொட்டிய அறையில் அந்தப் பழக்கம்தான் எதிரி.

இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்று தெரிய வேண்டுமானால் வரம்பைப் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரச ஆவி கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். அந்த அறைக் காற்று முழுவதும் இந்த வரம்பைத் தொட 28 மைக்ரோகிராம் ஆவியானால் போதும். ஒரு தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை இருக்கும். ஒரு கிராம் என்றே வைத்துக்கொண்டால், அதில் 35,000-ல் ஒரு பங்கு. இதைப் படித்துவிட்டு மயங்கி விழ வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தால் கணக்கே மாறிவிடும். அன்றைக்கே சுத்தம் செய்துவிட்ட ஒரு தெர்மாமீட்டரால் பெரிய கெடுதல் வராது. கவனிக்காமல் விட்டு, மாதக் கணக்கில் அதே அறையில் படுத்து எழுவதுதான் கெடுதல்.

துடைப்பம் ஏன் கூடாது என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு கிராம் பாதரசம் ஒரே உருண்டையாக இருந்தால் ஒரு மிளகு அளவுதான், அகலம் 5 மில்லிமீட்டர். துடைப்பக் குச்சிகள் அதை ஆயிரம் துளியாக உடைத்தால் எடை அதேதான், ஆனால் காற்றைத் தொடும் பரப்பு பத்து மடங்கு ஆகிவிடும். ஆவியும் அந்த அளவுக்குக் கூடும். கூடவே துடைப்பமும் கெட்டுப்போகும், நாளைக்கு அதே துடைப்பம் சமையலறைக்குப் போகும். வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம். சூடான மோட்டார் வழியாக இழுத்து, ஆவியாக்கி, அறை முழுக்க ஊதிவிடும். அப்புறம் அந்த மிஷினையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

பாதரசம்தானா என்று பாருங்கள்

சிவப்பு அல்லது நீலக் கோடு உள்ள தெர்மாமீட்டரில் இருப்பது சாயம் போட்ட ஆல்கஹால். துடைத்துப் போட்டுவிடலாம். வெள்ளிக்கோடு இருந்தால் பாதரசம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் இல்லாத, வெள்ளி நிறக் கலப்பு உலோகம் நிரப்பிய கண்ணாடித் தெர்மாமீட்டர்களும் விற்கின்றன. அது கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், உருண்டு ஓடாது. சந்தேகமாக இருந்தால் பாதரசம் என்று நினைத்தே வேலை செய்யுங்கள்.

டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு உடைந்தாலும் பாதரசம் உண்டு, ஆனால் மில்லிகிராம் கணக்கில். ஜன்னலைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே போய்விட்டு வந்து, சில்லையும் வெள்ளைப் பொடியையும் அட்டையால் வாரி, டேப்பால் ஒற்றி எடுத்தால் போதும். பாதரசக் குழாய் வைத்த பழைய பி.பி. கருவி இந்த ரெண்டுக்கும் நேரெதிர். அதில் 100 கிராம் அளவுக்கு, அதாவது நூறு தெர்மாமீட்டர் பாதரசம் இருக்கும். அது வீட்டில் கொட்டினால் நீங்களாகச் சுத்தம் செய்ய இறங்க வேண்டாம். கதவைச் சாத்தி, இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அன்றைக்குத் தூக்கம் வேறு வீட்டில்.

உடம்பில் இருக்கும் நகை

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் முதலில் சொல்கிறேன். பாதரசம் தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் எல்லாவற்றோடும் கலந்து ரசக்கலவை ஆகிவிடும். இரும்போடு மட்டும் சாதாரணமாகச் சேராது. அதனால்தான் மொத்த வியாபாரத்தில் பாதரசம் இரும்புக் குடுவையில் வருகிறது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது என்றால் உள்ளே விட்டு, மேலே ஸ்வெட்டர் போட்டுக் கழுத்து வரை பட்டனை மாட்டிக்கொள்ளுங்கள். குனிந்து வேலை செய்யும்போது சங்கிலி முன்னால் தொங்கித் தரையைத் தொடும், அதுதான் பிரச்சினை. காலில் மெட்டி இருக்கிறதே, அது வெள்ளி. வெறுங்காலோடு போகாதீர்கள். தூக்கிப்போடத் தயாரான பழைய செருப்பு, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை.

நகையில் பட்டு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டதா? தேய்க்காதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள். ஒரு மூடிய டப்பாவில் போட்டு ஆசாரியிடம் கொடுக்கும்போது பாதரசம் பட்டது என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல ஊதி உருக்குவார், ஆவி நேராக அவர் முகத்துக்குப் போகும். நகை பாலிஷ் கெட்டுப்போனதென்று வருத்தப்படுகிறவர்கள் ஆசாரியின் நுரையீரலைப் பற்றி யோசிப்பதில்லை.

பொறுக்கி எடுப்பது

தேவையானவை எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். ரப்பர் கையுறை. ரெண்டு பழைய கல்யாணப் பத்திரிகை, கெட்டி அட்டையாகப் பார்த்து எடுங்கள். இங்க் ஃபில்லர், இல்லாவிட்டால் ஊசி கழற்றிய சிரிஞ்சு. அகலமான செல்லோ டேப். டார்ச். வாய் அகன்ற, மூடி இறுகும் பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி பாட்டில் வேண்டாம், அலுமினியத் தூக்கு வேண்டவே வேண்டாம். பாட்டிலில் விரற்கடை அளவு தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். பாதரசம் அடியில் போய்த் தங்கும், மேலே நிற்கும் தண்ணீர் ஆவியை அடக்கும்.

முதலில் கண்ணாடிச் சில்லுகள். அவற்றைத் தனியாக ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள், கையுறை கிழிந்துவிடாமல். பிறகு வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரு அட்டையால் தள்ளி, இன்னொரு அட்டையை முறம் மாதிரி பிடித்து ஏந்துங்கள். இரண்டு உருண்டைகள் தொட்டால் தாமாக ஒன்றாகிவிடும். அவசரப்படாமல் நகர்த்தினால் கடைசியில் நாலைந்து பெரிய உருண்டைகள்தான் மிஞ்சும். அவற்றை ஃபில்லரால் உறிஞ்சி பாட்டிலில் விடுங்கள். மண்டி போட்டுத் தரையில் முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். குனிந்து எடுத்து, நடுநடுவே எழுந்து ஜன்னல் பக்கம் போய் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். துணி முகக்கவசமும் மருத்துவமனை முகக்கவசமும் பாதரச ஆவியைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கண்ணுக்குப் படுவது முடிந்ததும் திரையை இழுத்து அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பொடித் துளியும் மினுக்கும். அவற்றை டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். ஷேவிங் கிரீமை ஒரு சின்ன பெயின்ட் பிரஷ்ஷில் தடவி ஒற்றினாலும் பொடித் துளிகள் ஒட்டிக்கொண்டு வரும். டேப், பிரஷ், அட்டை எல்லாம் பிறகு அதே கழிவுப் பைக்குத்தான்.

சிமெண்ட் தரையாக இருந்தால் வேலை இத்தோடு முடிந்தது. பலகைத் தரையில் இப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு இடுக்கிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிகிற உருண்டையைச் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். எட்டாத இடுக்கில் கந்தகப் பொடி தூவலாம். பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் சாம்பல் நோய் வந்தால் அடிக்கிற கந்தகம்தான், உரக்கடையில் கிடைக்கும். கந்தகம் பாதரசத்தோடு சேர்ந்து சல்ஃபைடு ஆகும், மஞ்சள் பொடி பழுப்பாக மாறும். ஆனால் இது மெதுவாக நடக்கிற வேலை, மேலே ஒரு படலம் பிடித்து ஆவியைக் குறைக்குமே தவிர மாயம் எதுவும் செய்யாது. பொறுக்கி எடுத்த பிறகு மிச்சத்துக்குத்தான் கந்தகம், பொறுக்குவதற்குப் பதிலாக இல்லை. அது எரியும் பொருள், கணப்புப் பக்கத்தில் தூவாதீர்கள். பொடி கண்ணில் மூக்கில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதையும் அட்டையால் வாரி, டேப்பால் ஒற்றிக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

கம்பளி, ஜமுக்காளம், மெத்தை. இதில் நான் கொஞ்சம் கறார். கம்பளி இழைக்குள் போன பாதரசத்தை எடுக்க முடியாது. பட்ட இடம் சின்னதாக இருந்தால் வெட்டி எடுத்துப் பையில் போடுங்கள், பெரியதாக இருந்தால் முழுதையும் சுருட்டிக் கட்டுங்கள். பாட்டி காலத்துக் கம்பளி என்று பார்க்காதீர்கள். தட்டி உதறி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. உதறும்போது அத்தனையும் முற்றத்தில் கொட்டும். பாதரசம் நேரடியாகப் பட்ட உடையை வாஷிங் மிஷினில் போடவே கூடாது, மிஷினும் சாக்கடையும் சேர்ந்து கெடும். அறைக்குள் இருந்தது, ஆனால் பாதரசம் படவில்லை என்கிற துணிகளை வெளியே கொடியில் காற்றாட விட்டு, பிறகு துவைக்கலாம்.

கழுவுதொட்டியில் விழுந்துவிட்டால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். கனம் அதிகம் என்பதால் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில்தான் அது தங்கியிருக்கும். தண்ணீரைத் திறக்காமல், அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, பிளம்பரைக் கூப்பிட்டு அந்த வளைவைக் கழற்றச் சொல்லுங்கள். பாதரசம் இருக்கிறது என்று அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த அறையின் வெளி ஜன்னல் குறைந்தது ஒரு முழு நாள் திறந்திருக்கட்டும். பனி உள்ளே வரும், சுவர் ஈரமாகும், வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள். திறந்தே இருக்கட்டும். அந்த ஒரு நாளுக்கு ஹீட்டரும் கணப்பும் அங்கே கிடையாது. குழந்தைகளின் படுக்கையைச் சில நாள் வேறு அறைக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

ரசமணி ஆசை

பாட்டிலில் சேர்த்த பாதரசத்தைப் பார்த்ததும் சிலருக்கு அதைத் தூக்கிப்போட மனம் வராது. பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்ட ஆசைப்படுவார்கள், செம்புக் காசில் தேய்த்து வெள்ளிக்காசு ஆக்கிப் பார்ப்பார்கள். பெரியவர்களின் ஆசை வேறு மாதிரி. பழனி அடிவாரத்து ஊர்களில் போகர், நவபாஷாணம், ரசவாதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சித்த மருத்துவத்தில் பாதரசத்துக்கு இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, அது முறைப்படி படித்தவர்கள் விஷயம். ஆனால் வீடியோ பார்த்து, கேஸ் அடுப்பில் கரண்டியை வைத்து, பாதரசத்தைக் 'கட்டி', அதாவது கெட்டியான மணியாக்கி, ரசமணி செய்யப் பார்ப்பது சித்தர் வழியும் இல்லை, வேறு எந்த வழியும் இல்லை. மூடிய சமையலறையில் பாதரசத்தைச் சூடாக்கினால் சில மணி நேரத்திலேயே இருமல், நெஞ்சிறுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். நுரையீரல் வீங்கி உயிர் போனவர்கள் உண்டு. சளிக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டு படுத்துவிடுவதுதான் இதில் பெரிய அபாயம்.

டாக்டரிடம் எப்போது

ஒரு தெர்மாமீட்டர் உடைந்து அன்றே சுத்தம் செய்தவர்களுக்குப் பொதுவாகச் சோதனை எதுவும் தேவைப்படாது. பாதரசம் சூடேறியது, பெரிய அளவில் கொட்டியது, கொட்டியது தெரியாமல் வாரக் கணக்கில் அந்த அறையில் இருந்தது, வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பது என்றால் போய்க் காட்டுங்கள். என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 108.

மெதுவாக ஏறும் பாதரசத்தின் அடையாளங்கள் வேறு எதையாவது சாக்காகச் சொல்லும்படியே இருக்கும். விரல் நடுக்கம், கையெழுத்து கோணிப்போவது, ஈறு வீங்கி ரத்தம் வருவது, எச்சில் ஊறுவது, தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத கூச்சமும் எரிச்சலும். சிறுநீரகமும் பாதிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியலாம். டாக்டரிடம் பாதரசம் என்ற சொல்லை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லலாம், நாள்பட்ட ஆவிப் பாதிப்புக்குச் சிறுநீர்ச் சோதனைதான் அதிகம் உதவும். மீனில் இருக்கும் பாதரசம் வேறு வடிவம், மெத்தில் பாதரசம். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளியே தெரியவந்த நோய்க்குக் காரணம் அது. சோதனைக்கு முன்னால் மீன் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ரத்த முடிவு அதனால் மாறும்.

பாதரசத்தையும் சில்லையும் விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கே போடுவது

பாட்டிலை இறுக மூடி, டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மேலே பெரிய எழுத்தில் 'பாதரசம், திறக்காதே' என்று எழுதுங்கள். அட்டை, டேப், கையுறை, கந்தகம் எல்லாம் இன்னொரு பையில். ரெண்டையும் வெயில் படாத, குழந்தைக்கு எட்டாத, வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரைப் பெயர் சொல்லியே வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. ஆகவே குப்பை வண்டியில் மற்ற குப்பையோடு வீசாமல், தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அது அவர் குற்றமில்லை, நகராட்சி அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கேளுங்கள். கிளினிக் நடத்துகிறவர்களின் பி.பி. கருவி இந்தக் கணக்கில் வராது. அது அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும், யார் வாங்கலாம் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கழிவறையில் ஊற்றாதீர்கள். சருகோடு கூட்டி எரிக்காதீர்கள். சோலைப் பக்கம் பள்ளத்தில் வீசாதீர்கள். பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். கடைசி இரண்டும் எங்கள் ஊரில் வெறும் அறிவுரை இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் பிரித்து இங்கே கொண்டுவரப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் நடத்தியது. 2001 மார்ச்சில் எங்கள் ஊர் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்தது வெளியே தெரிந்து ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆகிவிட்டது. ஆலையைச் சுற்றியிருந்த மரங்களின் பாசியிலும், பட்டையில் திட்டுத்திட்டாகப் படரும் லைக்கனிலும், ஏரித் தண்ணீரிலும் மீனிலும் கூட ஆய்வாளர்கள் பாதரசத்தை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை, அந்தத் தண்ணீர் வைகைப் படுகைக்குப் போகிறது. உங்கள் ஒரு கிராம் அந்த அளவுக்கு ஒன்றுமே இல்லைதான். ஆனால் மழை விழும் சரிவில் எதைப் போட்டாலும் அது போட்ட இடத்தில் நிற்காது.

வேறு தெர்மாமீட்டர்

உடையாத பாதரசத் தெர்மாமீட்டர் அலமாரியில் இருந்தால் அதையும் டப்பாவில் போட்டு மேலே சொன்ன வழியில் ஒப்படைத்துவிடுங்கள். டிஜிட்டல் வாங்கும்போது மலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதோடு வரும் தாளில், பல கருவிகளுக்கு 10 டிகிரிக்கு மேல் 40 டிகிரிக்குள் இருக்கும் அறையில் பயன்படுத்தவும் என்று போட்டிருக்கும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் நம் அறை அதற்கும் கீழே போகும். அளக்கும் முன்னால் ஸ்வெட்டர் பைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அக்குளில் வைப்பதானால் ஸ்வெட்டருக்கு மேல் சொருகாமல், முனை தோலைத் தொடும்படி வையுங்கள். முதல் முறை குறைவாகக் காட்டினால் இன்னொரு முறை பாருங்கள். பேட்டரி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது சோதியுங்கள். அந்தப் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் பாதரசத்தைவிட வேகமாக ஆபத்து, சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.